அபுதாபியிலிருந்து வந்த கம்ப்ரசர்

ஆலங்குளம் தாண்டியதும் காரில் குளிர்ச்சி குறைவது போல இருந்தது. என் பிரமை என்று நினைத்துக் குமிழைக் கடைசி வரை திருகினேன். காற்று சத்தமாக வந்ததே தவிரக் குளிரவில்லை. கொஞ்ச நேரத்தில் அது வெறும் வெக்கையாகி முகத்தில் அடித்தது. பக்கத்து இருக்கையில் மாமி வெள்ளைத் துப்பட்டியை விலக்கிவிட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தார்.

மாமி என் கணவரின் தாயார். ஆஸ்துமாக்காரர். திருநெல்வேலியில் நெஞ்சு டாக்டரிடம் காட்டிவிட்டுத் தென்காசிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அகலப்படுத்துகிறோம் என்று ரோட்டை இருபுறமும் கிண்டிப் போட்டிருந்த சமயம் அது. கண்ணாடியை இறக்கினால் செம்மண் புழுதி, ஏற்றினால் வெந்துபோகும் சூடு. இரண்டில் எதைச் செய்வது என்று தெரியாமல் ஒரு வேப்ப மரத்தடியில் வண்டியை ஒதுக்கி, மாமியின் வாயில் மருந்தை அடித்துவிட்டு, டாக்டர் கொடுத்த அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு சீராக வெகுநேரம் ஆனது.

"அவன்ட்ட சொல்லு," என்றார் மாமி, பேச முடிந்ததும். "ஊரு முழுக்க ஏசி பாக்குதான். பெத்தவ இங்கன வெந்து சாவுதா."

என் கணவர் அபுதாபியில் கார் ஏசி மெக்கானிக். எங்களுக்குக் கல்யாணமான வருஷமே போனவர். ஒரே தொழில், அநேகமாக ஒரே பட்டறை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இலஞ்சி ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அலுவலக வேலை பார்த்தேன். இந்தப் பழைய காரை அவர் போன லீவில் வந்தபோது மாமியின் ஆஸ்பத்திரிப் போக்குவரத்துக்கென்றே வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவருடைய மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் அழைத்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் எங்களுக்குள் நடக்கும் பேச்சு ரொம்பச் சின்னது. சாப்பிட்டியளா, சாப்பிட்டேன். அம்மா எப்படி இருக்கா, இருக்காங்க. மழை உண்டா, இல்ல. தூரத்தில் இருப்பவர்களின் பேச்சு வருஷம் ஆக ஆகக் கரைந்துகொண்டே வரும் சோப்புக் கட்டி மாதிரி. கடைசியில் கையில் நிற்காத ஒரு துண்டுதான் மிஞ்சும். எங்களுடையதும் அந்த நிலைமைக்கு வந்திருந்தது. சண்டை ஒன்றும் கிடையாது. பேச விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

ஏசி போய்விட்டது என்றதும் அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்ததை நான் பார்த்தேன்.

"வண்டிட்ட போ. பானெட்டத் தொற. எஞ்சின் ஓடட்டும். ஏசியப் போட்டுட்டு முன்னால வா."

வெயிலில் போய் நின்றேன். போனை எஞ்சின் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"கீழ பாரு. பெல்ட் ஒரு உருளையச் சுத்திப் போவுதுல்லா? தெரியுதா?"

"தெரியுது."

"அதுக்கு நடுவுல ஒரு தட்டு இருக்கும். அதுவும் சேந்து சுத்துதா, சும்மா நிக்குதா?"

"டக்குன்னு ஒரு சத்தம் வந்துது. இப்போ சேந்து சுத்துது."

"அப்போ கிளட்ச் பிடிக்குது. ஏட்டி, துப்பட்டாவ இழுத்துக் கட்டு மொதல்ல. பெல்ட்ல மாட்டிச்சின்னா கழுத்தோட இழுத்துரும்."

கட்டிக்கொண்டேன். ஒல்லியாக ஒரு குழாயும் தடியாக ஒரு குழாயும் போவதைக் காட்டச் சொன்னார். ஒல்லிக் குழாயை விரல் நுனியால் மட்டும் தொடு, சுடும் என்றார். தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. தடிக் குழாயும் அப்படியேதான் இருந்தது.

"ஒல்லி சுடணும். தடி ஐஸ் தண்ணி செம்பு மாதிரி வேர்த்து நிக்கணும். ரெண்டும் ஒண்ணு போல இருக்கப்பிடாது." கொஞ்ச நேரம் யோசித்தார். "கேஸ் கொறஞ்சிருக்கணும். இல்லன்னா கம்ப்ரசர் அமுக்க மாட்டேங்குது. கம்ப்ரசர்னா உனக்கு என்னன்னு தெரியுமாட்டி?"

"நீங்க எங்க சொல்லிருக்கிய?"

அவர் சிரித்துவிட்டு, போனோடு எழுந்து நடந்தார். பட்டறையின் தகரக் கூரை, தூக்கி நிறுத்திய வண்டிகள், ஒரு பெரிய காற்றாடி எல்லாம் ஆடி ஆடிப் போயின. ஒரு மேஜையில் இரண்டாகப் பிளந்து வைத்திருந்த ஒரு கம்ப்ரசரைக் காட்டினார். உள்ளே சின்னச் சின்ன உலக்கைகள். அது சுற்றும்போது இவை ஒவ்வொன்றாகக் குத்தி அந்த வாயுவை நெருக்கித் தள்ளும் என்றார். நெருக்கினால் சூடாகும், முன்னால் இருக்கும் வலைத் தட்டில் அந்தச் சூடு ஆறும், பிறகு ஒரு சின்னத் துவாரம் வழியாகத் திடீரென்று விரியும்போது குளிர்ந்துபோகும் என்றார். ஒரு விரலால் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னார். நகக்கண்ணெல்லாம் கருப்பு. இத்தனை வருஷத்தில் அவர் வேலை செய்யும் இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியும் அன்றைக்குத்தான் கேட்டேன்.

தென்காசியில் குற்றாலம் போகும் ரோட்டில் ஒரு அண்ணாச்சி கார் ஏசி கடை வைத்திருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். முதலில் கேஸ் நிரப்பினார். குளிர்ந்தது. மாமி, "இப்பத்தான் உசிரு வந்துது," என்றார். ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. மறுபடியும் வெக்கை. கூடவே ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றார் என் கணவர். எஞ்சின் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு நின்றேன்.

"சொளவுல அரிசி புடைக்குத மாதிரி இருக்கா?"

"கல்லும் அரிசியுமாப் புடைக்குத மாதிரி இருக்கு மச்சான்."

"பலே," என்றார். "ஒனக்கு இங்க வேல வாங்கித் தாரேன், வாரியா?"

மறுபடியும் அண்ணாச்சியின் கடை. இந்தத் தடவை இவரும் வீடியோவில் இருந்தார். நீலக் குழாயும் சிவப்புக் குழாயும் உள்ள ஒரு அளவுமானியை அண்ணாச்சி வண்டியில் மாட்டினார். எஞ்சினை முறுக்கச் சொன்னார். நீலப் பக்கத்து முள் கீழே இறங்க வேண்டுமாம், சிவப்புப் பக்கத்து முள் மேலே ஏற வேண்டுமாம். எவ்வளவு முறுக்கியும் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஒரே உயரத்தில் அசையாமல் நின்றன.

"அமுக்கம் சுத்தமா இல்ல," என்றார் அண்ணாச்சி.

"ஆமாண்ணாச்சி. உள்ள தேஞ்சு போச்சு. அந்தச் சத்தத்தக் கேட்டப்பவே நெனச்சேன்," என்றார் இவர் அங்கிருந்து.

அப்புறம் இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். எந்த எண்ணெய், எந்த வால்வு, அங்கே மணல் வந்தால் என்ன செய்வீர்கள், இங்கே எலி குழாயைக் கடித்தால் என்ன செய்வீர்கள் என்று சம்பந்தி வீட்டார் போலப் பேசிக்கொண்டே போனார்கள். போனைப் பிடித்த கை எனக்குக் கடுத்தது. ஆனாலும் மாற்றிப் பிடிக்க மனம் வரவில்லை, அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மதுரையிலிருந்து புது கம்ப்ரசர் வரவழைக்கிறேன் என்றார் அண்ணாச்சி.

"வேண்டாண்ணாச்சி. நான் லீவுல வாரேன். கையோட கொண்டு வந்து நானே மாட்டுதேன். ஒங்க கடையில கொஞ்சம் எடம் மட்டும் தாங்க."

"என்னத்துக்கு இவ்வளவு பாடு? நான் மாட்ட மாட்டனா?"

"நீங்க மாட்டுவிய. தெரியாதவன் வண்டிக்கெல்லாம் எத்தனயோ மாட்டியாச்சு அண்ணாச்சி. எம் பொண்டாட்டி வண்டிக்கு ஒண்ணு மாட்டிப் பாக்கணும்லா."

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அதுவரை ஏசி போடாதே, போட்டால் உள்ளே உலோகத் தூள் பறந்து எல்லாக் குழாயையும் அடைத்துவிடும் என்று இவர் எச்சரித்தார். விடிந்ததும் மாமியைக் கூட்டிப்போய் வெயிலுக்கு முன் திரும்பிவிடு என்றார். அப்படியே செய்தேன்.

வெயில் காலத்தில் அவருக்கு லீவு கிடைப்பதே இல்லை. ஏசிக்காரனுக்கு அதுதான் அறுவடை நேரம். அதனால் குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் அவர் ஊரில் இருந்ததே கிடையாது. அவர் வரும்போதெல்லாம் பாறை காய்ந்து கிடக்கும். இந்தத் தடவை முதலாளியிடம் மல்லுக்கட்டி சீசனுக்கே லீவு வாங்கிவிட்டதாகச் சொன்னார். வண்டி கம்ப்ரசரின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். சில நாள் கழித்து, பெட்டியைத் திறந்து புது கம்ப்ரசரைக் காட்டினார். வெள்ளிப் பாத்திரம் போலப் பளபளப்பாக இருந்தது. ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டுவது போல இரண்டு கையிலும் ஏந்தித் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"மாட்டி முடிச்ச அன்னைக்கே மூணு பேரும் போறோம். ஐந்தருவிக்குப் போயிட்டு அப்படியே செங்கோட்டை, புளியறை வரைக்கும். அங்கன சாப்பிட்டுட்டு வருவோம்."

"சாரல்ல யாராவது ஏசி போடுவாவளா?"

"நான் போடுவேன். போத்திக்கிட்டு உக்காரு."

லீவுக்கு முந்திய அந்த இரண்டு மாதமும் நாங்கள் தினமும் பேசினோம். கம்ப்ரசரில் ஆரம்பித்த பேச்சு எங்கெங்கேயோ போனது. நான் பள்ளிக்கூடத்துக் கதை சொன்னேன். அவர், முதன்முதலில் அங்கே போன புதிதில் ராத்திரியில் போர்வைக்குள் அழுததைச் சொன்னார். அதையெல்லாம் அதற்கு முன் சொன்னதில்லை. பிள்ளை இல்லாததைப் பற்றிக்கூட ஒரு நாள் பேசினோம். "எனக்குக் கவல இல்லட்டி, நீ தனியா இருக்கியேன்னுதான்," என்றார். புதிதாகக் கல்யாணமானவள் மாதிரி நான் மதியம் ஆவதற்குக் காத்திருந்தேன்.

லீவுக்குச் சில நாள் இருக்கும்போது, விடிந்தும் விடியாமலும் அவருடைய எண்ணிலிருந்து போன் வந்தது. அந்த நேரத்தில் அவர் அழைப்பதில்லை. நான் பேசுவதற்கு முன்பே "சேச்சி" என்று வேறொரு குரல் கேட்டது.

அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். புனலூர்க்காரர், எங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம். அவரைப் பற்றி இவர் நிறையச் சொல்லியிருக்கிறார்; இவரை அண்ணனாக நினைத்து இக்கா என்றுதான் கூப்பிடுவாராம்.

"சேச்சி, இக்கா எழும்பல்ல. விளிச்சு விளிச்சுப் பாத்தோம். டாக்டர் வந்து பாத்து... சேச்சி, வீட்டுல வேற ஆள் யாராவது உண்டோ? அவங்ககிட்ட போன் கொடுங்க."

வேறு ஆள் மாமிதான். நான் போனைக் கொடுக்கவில்லை. அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமி தொழுது முடித்துவிட்டு வந்து, "யாரு போன்ல?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது.

தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். வீடு நிறைந்துவிட்டது. உடலைக் கொண்டுவருவதா, அங்கேயே அடக்குவதா என்று ஆண்கள் எல்லாம் கூடிப் பேசினார்கள். கொண்டுவர நாளாகலாம் என்றார்கள். மாமிதான் முடிவு சொன்னார்.

"அங்கயே அடக்கிரச் சொல்லுங்க. எம் பிள்ளைய ஐஸ் பெட்டியில போட்டுக் காக்க வைக்காண்டாம்."

அவர் சொன்னது சரி. மார்க்கத்திலும் அதுதான் நல்லது. ஆனால் எனக்கு அவரை ஒரு தடவை தொட வேண்டும் போல இருந்தது. அந்த நகக்கண் கருப்பைத் தொட வேண்டும் போல இருந்தது. பெற்றவளே சொன்ன பிறகு நான் என்ன சொல்வது. எழுந்துபோய்ச் சுவரோரமாகப் படுத்துக்கொண்டேன்.

புனலூர்க்காரர் வீடியோவில் காட்டினார். நான் எஞ்சினைக் காட்டிய அதே போன். அதே சின்னச் சதுரத்துக்குள் வெள்ளைத் துணியும், மணலும், குனிந்த முதுகுகளும். மாமி, "மொகத்தக் காட்டச் சொல்லு," என்றார். காட்டினார். தூங்குவது போலத்தான் இருந்தது. வெயில் கண்ணைக் கூசும் என்று யாரோ பக்கத்தில் நிழலுக்கு அட்டை பிடித்திருந்தார்கள். அவருக்காகவா, போனுக்காகவா என்று தெரியவில்லை. பிறகு மணல் சரியும் சத்தம் வந்தது. மாமி அழவில்லை. போனைத் திரும்பக் கொடுத்துவிட்டு, ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் இத்தா இருந்தேன். கணவனை இழந்தவள் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. ஜன்னல் வழியாகத் தெருவும், தெருவில் நிற்கும் காரும் தெரியும். அந்த வருஷம் சீசன் நன்றாக இருந்தது. தினமும் சாரல். மெயின் ரோட்டில் குற்றாலம் போகிற வேன்களின் பாட்டுச் சத்தம் எங்கள் தெரு வரைக்கும் கேட்கும். காரின் மேல் முருங்கை இலை கொட்டி நனைந்து ஒட்டிக்கொண்டது. ஒரு பூனை அதன் அடியில் குட்டி போட்டது. மாமியை டாக்டரிடம் கொண்டுபோக என் தம்பி ஆட்டோவும் பஸ்ஸும் பிடித்து அலைந்தான். மதியம் அந்த நேரம் வந்ததும் என் உடம்புக்குத் தானாகத் தெரிந்துவிடும். எந்த வேலையில் இருந்தாலும் கை நின்றுவிடும். அந்த ஒரு மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதுதான் எனக்கு ஒவ்வொரு நாளும் பெரிய காரியமாக இருந்தது. பாத்திரத்தைக் கழுவினேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன்.

இத்தா முடிந்து கொஞ்ச நாளில் புனலூர்க்காரர் லீவில் வந்தார். செங்கோட்டை வழியாக பஸ்ஸில், ஒரு தோளில் பையும் மறு தோளில் கனத்த ஒரு பெட்டியுமாக வந்து வாசலில் நின்றார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயசு. மாமியைப் பார்த்ததும் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். மாமி அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பையில் சட்டைகள், தொழுகை விரிப்பு, மூக்குக் கண்ணாடி, எனக்கென்று வாங்கி வைத்திருந்த ஒரு கைப்பை. பெட்டியில் கம்ப்ரசர்.

"இதை விட்டுட்டுப் போகச் சொல்லிப் பறஞ்சாங்க, சேச்சி, ஏர்போர்ட்டில. இரும்பு என்னத்துக்குன்னு. நான் கேக்கல்ல. இக்கா எல்லா நாளும் ராத்திரி கிடக்கிறதுக்கு முன்னே இதை எடுத்து, கை கொண்டு சுத்தி வைக்கும். உள்ளே எண்ணெய் ஒரு பக்கமாத் தங்கிடும்னு. நான் களியாக்கிச் சிரிப்பேன். அப்போ சொல்லும், 'ஏலே, இது எம் பொண்டாட்டிக்கு,' அப்படின்னு."

சொல்லிவிட்டு, எப்படிச் சுற்றுவார் என்று செய்து காட்டினார். அந்த வட்டத் தட்டு வழவழவென்று சத்தமில்லாமல் சுற்றியது. இரவு சாப்பிடச் சொல்லியும் இருக்கவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அண்ணாச்சி கடைக்குப் போன் செய்தேன். காரின் பேட்டரி செத்திருந்தது. அவரே வந்து உயிர் கொடுத்துக் கொண்டுபோனார். கடையில் எனக்கு நாற்காலி போட்டார். துக்கம் விசாரிக்க ஆரம்பித்து, முடிக்காமல், பெட்டியைப் பிரிக்க உட்கார்ந்தார்.

புது கம்ப்ரசரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். வண்டியில் இருந்ததைக் குனிந்து பார்த்தார். மறுபடியும் கையில் இருந்ததைப் பார்த்தார். அவர் முகம் மாறியதைக் கவனித்தேன்.

"தங்கச்சி, இதுல பெல்ட் ஓடுத காடி ஒண்ணு கூடுதலா இருக்கு. இந்த உருளை, புல்லி, அந்த ஊரு வண்டிக்கு உள்ளது. நம்ம பெல்ட் இதுல உக்காராது."

"அப்படின்னா?"

"அப்படின்னா இது நம்ம வண்டிக்குச் சேராதும்மா. நான் மதுரைல சொல்லி..."

அதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை. சாவு வீட்டில் அத்தனை பேருக்கு நடுவிலும் சத்தம் போட்டு அழாதவள், ஒரு மெக்கானிக் கடையில், டயர்களுக்கும் டின்களுக்கும் நடுவில், துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். திணித்தும் சத்தம் வெளியே வந்தது. பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கினாரே, அதிலும் ஒரு காடி தப்பிப் போயிற்றே என்று இருந்தது. இரும்பு என்று தெரியும். ஆனால் அவருடைய உடம்பு வரவில்லை, இதுதான் வந்தது. இதையும் சேராது என்றால் நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்.

அண்ணாச்சி ஒரு தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய், வண்டியில் இருந்த பழைய கேஸை இறக்கி, பெல்ட்டைக் கழற்றி, பழைய கம்ப்ரசரை வெளியே எடுத்தார். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்துகொண்டிருந்தார். போனில் யாரிடமோ பேசினார். வெகுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வா தங்கச்சி. ஒடம்பு ரெண்டும் ஒண்ணுதான். போல்ட் ஓட்டை, குழாய் வாய் எல்லாம் அச்சு அசலா இருக்கு. மொகம் மட்டுந்தான் வேற. பழசுல உள்ள புல்லியவும் கிளட்சையும் கழத்தி இதுல மாட்டிப் பாக்குதேன். மாப்ள இருந்தா அதத்தான் செஞ்சிருப்பாரு."

பழைய புல்லி லேசில் வரவில்லை. பற்கள் வைத்த ஒரு கருவியால் கவ்விப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இழுத்தார். அது கழன்றதும் தேய்த்துச் சுத்தம் செய்து புதியதில் ஏற்றினார். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் ஒரு மெல்லிய தகடு நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும் என்று அளந்து அளந்து சரிசெய்தார். பழைய கம்ப்ரசரைக் கவிழ்த்தபோது வந்த எண்ணெய் சாம்பல் நிறத்தில் மின்னியது. தேய்ந்துபோன உலோகம். அது போயிருக்கும் குழாய்களையெல்லாம் மருந்து விட்டு ஊதிக் கழுவினார். இவர் பயந்த அளவு பரவியிருக்கவில்லை என்றார்.

புதியதன் வாயை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியைத் திறந்தபோது புஸ் என்று ஒரு சின்னக் காற்று வெளியேறியது. அந்த எண்ணெயின் வாசனை எனக்குத் தெரியும். லீவில் வரும்போது எவ்வளவு துவைத்தாலும் அவர் சட்டைகளில் மிச்சம் இருக்கும் வாசனை அது. பெட்டியின் அடியில், ஒரு பழைய காலுறைக்குள், குழாய்களுக்கான ரப்பர் வளையங்களும், கூடவே மாற்ற வேண்டிய சின்ன வால்வும் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அண்ணாச்சி அதை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் வச்சிருக்காரு மனுசன்," என்றார்.

மாட்டி முடித்து, குழாய்க்குள் இருக்கும் காற்றையெல்லாம் ஒரு பம்ப்பால் உறிஞ்சி எடுத்தார். கசிவு இருக்கிறதா என்று பார்க்க முள்ளை அப்படியே விட்டுவிட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். முள் அசையவில்லை. கேஸ் ஏற்றினார். என்னையே உள்ளே உட்கார்ந்து ஏசியைப் போடச் சொன்னார். டக் என்று பிடித்தது. நீல முள் இறங்க, சிவப்பு முள் ஏறியது. கல்லும் அரிசியும் புடைக்கிற சத்தம் இல்லை. காற்று முதலில் சாதாரணமாக வந்தது. பிறகு குளிர்ந்தது. குளிர்ந்துகொண்டே போனது. என் கைகளில் மயிர் சிலிர்த்து நின்றது.

அண்ணாச்சி ஜன்னலில் குனிந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி," என்றேன். வேறென்ன சொல்வது. நன்றாகத்தான் இருந்தது.

ஐந்தருவிக்கோ புளியறைக்கோ போகவில்லை. அண்ணாச்சி கடையிலிருந்து குற்றாலம் எட்டும் தூரம்தான். வண்டி அந்தப் பக்கம் பார்த்துத்தான் நின்றது. நான் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் புனலூர்க்காரர் அழைத்தார்.

"தணுப்பு உண்டோ சேச்சி?"

"உண்டு," என்றேன். மாமியின் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த முறை மாமியை டாக்டரிடம் கூட்டிப்போனது ஒரு மதிய நேரத்தில். சீசன் முடிந்து வெயில் திரும்பியிருந்தது. ரோடு இன்னும் முடியவில்லை, அதே புழுதி. கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டேன். கொஞ்ச தூரம் போனதும் மாமி காற்று வரும் இடத்துக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். எடுக்கவே இல்லை.

"இது அவன் வாங்கினதா?" என்று கேட்டார்.

"ஆமா மாமி."

"அவன் தொட்டதா?"

"தெனமும் ராத்திரி கையில எடுத்துச் சுத்தி வைப்பாவளாம்."

மாமியின் தோள் குலுங்கியது. முதலில் மூச்சிரைப்பு என்று நினைத்து மருந்தைத் தேடினேன். அழுகை. மகன் போன அன்றிலிருந்து அதுவரை வராத அழுகை. "ஏலே, எங்கண்ணு, ஒன்ன நான் அங்கயே போடச் சொல்லிட்டனேலே," என்று சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். வண்டியை ஒதுக்கினேன். எஞ்சினை நிறுத்தினால் கண்ணாடியை இறக்க வேண்டும், புழுதி உள்ளே வந்தால் மாமிக்கு ஆகாது. ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. நான் அந்தப் பக்கம் சாய்ந்து மாமியைக் கட்டிக்கொண்டேன். லாரிகள் போகும்போதெல்லாம் வண்டி லேசாக ஆடியது. அவருடைய கை சில்லென்று இருந்தது. அதை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடாக்கினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாமி துப்பட்டியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டர் எந்திரிச்சிப் போயிருவாரு. எடு வண்டிய," என்றார்.

எடுத்தேன்.